பொருளியற் கோட்பாட்டிற்கு எதிர்வுகூறல் ஓர் உரைகல்

வருவதை முன்கூட்டி எண்ணிப் பார்த்தே மாந்தர் தொழில் செய்கின்றனர். மட்டக்களப்பு வாவியின் மேல்பாலுள்ள படுவான்கரையில் மாரி மழையை நம்பி விதைக்கும் உழவன், சில மாதங் கழித்துத் தன் நெல் என்ன விலைக்குப் போகும் என்பதை விதைக்கும் நாளிலேயே ஒருவாறு கணித்து விடுகின்றான். கீழ்பாலுள்ள எழுவான்கரையில் வலை வாங்கக் கடன்படும் மீனவன், முகத்துவாரம் வெட்டப்பட்டபின் மீனும் இறாலும் எவ்வளவு படும் என்பதை மனத்துட் கொண்டே கடன்தொகையைத் தீர்மானிக்கின்றான். நகரத்து வணிகனோ, சரக்கை இன்றே விற்பதா, இருப்பில் வைப்பதா என்பதை நாளைய விலையை எண்ணியே முடிவு செய்கின்றான். இவர்களுள் எவரும் தம்மைப் பொருளியல் அறிஞர் எனக் கூறிக்கொள்வதில்லை. ஆயினும், இத்தகையோர் கொள்ளும் எதிர்பார்ப்புகளின் கூட்டே ஒரு நாட்டின் விலைவாசியையும் முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் பெருமளவு வகுக்கின்றது.

இவ்வுண்மையைப் பொருளியலார் அறியாதவர் அல்லர். 1936ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலில் கெயின்ஸ், முதலீட்டைத் தூண்டுவதும் தடுப்பதும் எதிர்பார்ப்பே என விரிவாக எடுத்துரைத்தார். ஆனால் எதிர்பார்ப்பு என்பது மனத்துள் நிகழ்வது. நெல்லைப்போல் மரைக்காலால் அளக்கக் கூடியதன்று. ஆதலின் நெடுங்காலமாகப் பொருளியலார் விளைவைக் கண்டு எதிர்பார்ப்பை ஊகித்து வந்தனர். இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. அதனை நமது பிரதேசத்து நிகழ்ச்சி ஒன்றினாலேயே விளக்கலாம்.

பெரும்போக அறுவடை முடிந்து சூடடித்தவுடன் நெல் விலை இறங்குவது வழக்கம். அவ்வேளையில் உழவன் தன் நெல்லைக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகின்றான். இதனைக் கண்ட ஒருவர், ‘விலை இறங்கும் என்பதை அவன் முன்னறியவில்லை, அறிந்திருந்தால் காத்திருந்து விற்றிருப்பான்’ எனலாம். மற்றொருவர், ‘அவன் நன்கு அறிவான், ஆயினும் விதைநெல்லுக்கும் உரத்திற்கும் உழவு இயந்திரக் கூலிக்கும் பட்ட கடனை அறுவடையோடு தீர்க்க வேண்டியிருப்பதாற் காத்திருக்க இயலவில்லை’ எனலாம். விற்ற விலையை மாத்திரம் நோக்கின் இவ்விரு விளக்கங்களும் ஒருங்கே பொருந்தும். ஆனால் இவற்றிலிருந்து பிறக்கும் பரிகாரங்கள் வேறு. முன்னது உண்மையாயின் விலைச் செய்தி வேண்டும். பின்னது உண்மையாயின் களஞ்சியமும் தவணைக் கடனும் வேண்டும். எது உண்மை என்பதை அறிய ஒரே வழி, விதைக்கும் காலத்தில் அவன் எதிர்பார்த்த விலை யாது என்பதைக் கேட்டு எழுதி வைத்திருப்பதாகும். விளைவு மாத்திரம் காரணத்தைக் காட்டாது. விளைவும் எதிர்பார்ப்பும் ஒருங்கே வைத்து நோக்கப்படும்போதே காரணம் புலப்படும். இக்கட்டுரை கூறப்புகும் பொருள் இதுவே.

வேளாண் பொருள்களின் விலை பற்றிய ஆராய்ச்சியிலிருந்தே இவ்வாதமும் தொடங்கிற்று. சென்ற ஆண்டில் விலை உயர்ந்ததென்று எல்லாரும் மிகுதியாகப் பயிரிடுவர். விளைவு பெருகி விலை வீழும். வீழ்ந்ததென்று மறு ஆண்டில் எல்லாரும் குறைப்பர். விலை மீண்டும் ஏறும். இதனைச் ‘சிலந்திவலைத் தேற்றம்’ என்பர். இத்தேற்றத்தின்படி உழவன் நேற்றைய விலையையே நாளைய விலையாக எண்ணுபவன். 1961ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோன் மியூத் இதனை மறுத்தார். ஒரே தவறு ஆண்டுதோறும் நிகழுமாயின், அதனைக் கண்டுகொள்பவன் இலாபம் பெறுவான். பிறரும் அவனைப் பின்பற்றுவர். ஆகவே தொடர்ந்து ஒரே வகையாகத் தவறும் எதிர்பார்ப்பு நிலைக்க முடியாது என்பது அவர் வாதம். மாந்தர் தவறே செய்யார் என்று அவர் கூறினாரல்லர். அவர்தந் தவறுகளில் ஓர் ஒழுங்கு இராது என்றே கூறினார். இதுவே பகுத்தறிவு எதிர்பார்ப்புக் கோட்பாடு எனப் பெயர் பெற்றது. 1970ஆம் ஆண்டுகளில் ரொபேட் லூக்காஸ் முதலியோர் இதனை நாட்டு முழுமைக்கும் விரித்தபோது, பேரினப் பொருளியலின் போக்கே மாறிற்று. அரசு பணத்தைப் பெருக்கப்போகிறது என்பதை மக்கள் முன்னறிவராயின், விலையும் கூலியும் உடனே உயர்ந்துவிடும். வேலைவாய்ப்பு உயராது என்ற முடிவு அதிலிருந்து பெறப்பட்டது. ஒரு நாட்டின் வேலையற்றோருக்கு அரசு கைகொடுக்க இயலுமா என்னும் வினாவே இதிற் பணயமாக இருந்தது.

இத்தகைய கோட்பாட்டை எங்ஙனம் சோதிப்பது? எழுத்திற் பதிந்த எதிர்பார்ப்புகள் தேவை. நற்பேறாக அவை இருந்தன. 1946ஆம் ஆண்டு முதல் ஜோசப் லிவிங்ஸ்ரன் என்னும் பத்திரிகையாளர், பொருளியலாளர்களிடம் விலை, உற்பத்தி முதலியவை பற்றிய கணிப்புகளைக் கேட்டுத் தொகுத்து வந்தார். 1968இல் அமெரிக்கப் புள்ளிவிபரச் சங்கமும் தேசியப் பொருளியல் ஆராய்ச்சிப் பணியகமும் சேர்ந்து, தொழில்முறையாக எதிர்வுகூறுவோரிடம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணிப்புப் பெறும் ஏற்பாட்டைத் தொடங்கின. 1990இல் பிலடெல்பியா மத்திய கூட்டு வங்கி அப்பணியை ஏற்றது. ஐரோப்பிய மத்திய வங்கி 1999 முதலும், இந்திய ரிசர்வ் வங்கி 2007 முதலும் இத்தகைய கணிப்புகளைத் திரட்டி வருகின்றன. வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் ஆய்வுநிலையங்களிலும் இருந்து, கணிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களே இங்குச் சாட்சிகள். அவர்களைத் தெரிந்தெடுப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. செய்தியும் கருவியும் நேரமும் மிகுதியாக உடையவர் அவர்களே. அவர்தங் கணிப்பிலேயே ஒழுங்கான தவறு காணப்படுமாயின், ஏனையோர் தவறே செய்யாது எதிர்பார்க்கின்றனர் எனக் கொள்வதற்கு இடமில்லை.

இனி, சோதனை முறையை நோக்குவோம். எதிர்வுகூறலுக்கும் மெய்யாக நிகழ்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை ‘வழு’ என்போம். வழுவின் அளவு மாத்திரம் நமக்கு அதிகம் கற்பிப்பதில்லை. எவரும் எதிர்பாராத வெள்ளமோ போரோ வருமாயின், மிகச் சிறந்த கணிப்பும் பெரிதும் வழுவும். வழுவில் ஓர் ஒழுங்கு உண்டா என்பதே வினா. அவ்வொழுங்கைக் காணும் எளிய வழியொன்று உண்டு. ஒருவர் தை மாதத்தில், இவ்வாண்டின் விலையேற்றம் 6 சதவீதமாகும் என்கிறார் எனக் கொள்க. சித்திரையிற் புதிய செய்திகளைக் கண்டு அதனை 8 என உயர்த்துகின்றார். ஆண்டு முடிவில் விலையேற்றம் 10 ஆகின்றது. தனியொரு முறை இவ்வாறு நேரின் அது தற்செயல் எனலாம். ஆனால் கணிப்பை உயர்த்தும்போதெல்லாம் மெய்யளவு அதற்கும் மேலே போகுமாயின், தாழ்த்தும்போதெல்லாம் அதற்கும் கீழே வீழுமாயின், புதிய செய்தி முழுவதும் கணிப்பினுட் சேரவில்லை என்பதே பொருள்.

ஒலிவியே கொய்பியோன், யூரி கொரொட்னிச்செங்கோ என்னும் இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் இச்சோதனையையே செய்தனர். அமெரிக்க விலையேற்றம் பற்றிய கணிப்புகளின் சராசரி 1 புள்ளி திருத்தப்படுமிடத்து, மெய்யளவு அதே திசையில் மேலும் ஏறத்தாழ 1.2 புள்ளி அப்பாற் சென்றிருக்கக் கண்டனர். செய்தி கணிப்பிற் சேர்வதற்கு ஆறேழு மாதங்கள் செல்கின்றன என்பது அவர் பெற்ற முடிவு. பகுத்தறிவு எதிர்பார்ப்புக் கோட்பாட்டின் கடுமையான வடிவத்திற்கு இது பேரிடி. ஆயினும் இதனால் அக்கோட்பாடு முற்றாக வீழ்ந்தது எனக் கொள்வதும் பிழையாகும். ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த செய்தியை ஒழுங்காகப் பயன்படுத்தியும், செய்தி ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகவும் தாமதித்தும் கிட்டுவதாற் சராசரி மெல்ல நகரலாம். ஊரில் ஒரு செய்தி பரவும் வகையை எண்ணுக. கேட்டவர் உடனே நம்புவர். ஊரோ மெதுவாகவே அறியும். 2020இல் போர்டாலோ, ஜென்னயோலி, மா, ஷ்லைபர் ஆகியோர் கணிப்பாளரைத் தனித்தனியே நோக்கி, சராசரி தயங்குமிடத்திலும் தனியொருவர் பெரும்பாலும் வரம்பு மீறித் திருத்துகின்றார் எனக் காட்டினர். ஊர் மந்தமாகவும் ஆள் பதற்றமாகவும் இருத்தல் ஒருங்கே நிகழக்கூடியது என்பது இதனாற் பெறப்படும்.

மேற்கூறியது எதிர்பார்ப்பு உருவாகும் வகையைப் பற்றிய சோதனை. எதிர்வுகூறல்களைக் கொண்டு பிறிதொரு வகைச் சோதனையும் செய்யலாம். கணிப்பாளர் எக்கோட்பாட்டை உள்ளே வைத்துக் கணித்தாரோ, அக்கோட்பாட்டையே சோதிப்பது அது. இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு ஐரோப்பாவில் நிகழ்ந்தது.

2010ஆம் ஆண்டிற் கிரேக்கம் முதலிய நாடுகள் கடன் நெருக்கடியில் வீழ்ந்தபோது, அரசுச் செலவைக் குறைத்து வரியை உயர்த்தும் சிக்கனத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. அரசு செலவில் ஒரு ரூபாயைக் குறைத்தால் நாட்டின் உற்பத்தி எவ்வளவு குறையும்? இவ்வளவையே பெருக்கி என்பர். அது சிறிதாயின் சிக்கனம் பெருந்தீங்கு செய்யாது. பெரிதாயின் மருந்தே நோயாகும். உற்பத்தி வீழ்ந்ததைக் கண்டு மாத்திரம் சிக்கனமே காரணம் எனத் துணிய முடியாது. நெருக்கடி கடுமையாக இருந்த நாடுகளிலேதான் சிக்கனமும் கடுமையாக இருந்தது. வீழ்ச்சி நெருக்கடியால் வந்ததெனவும் வாதிடலாம் அன்றோ? சர்வதேச நாணய நிதியத்தைச் சேர்ந்த ஒலிவியே பிளான்சாரும் டானியல் லீயும் 2012, 2013ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வில், இம்முடிச்சை எதிர்வுகூறல்களைக் கொண்டு அவிழ்த்தனர். நெருக்கடியின் கடுமை 2010இல் அனைவரும் அறிந்ததே. ஆகவே அது அப்போதைய எதிர்வுகூறல்களுள் ஏலவே அடங்கியிருந்தது. திட்டமிட்ட சிக்கனமும் அவ்வாறே அடங்கியிருந்தது. கணிப்பாளர் கொண்ட பெருக்கி சரியாயின், பின்னர் நேர்ந்த வழுவுக்கும் திட்டமிட்ட சிக்கனத்தின் அளவுக்கும் யாதொரு தொடர்பும் இருத்தலாகாது. ஐரோப்பிய நாடுகள் 26ஐ ஒப்புநோக்கியபோது தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. உற்பத்தியின் 1 சதவீத அளவு சிக்கனம் திட்டமிட்ட இடத்தில், வளர்ச்சி எதிர்வுகூறியதிலும் ஏறத்தாழ 1 புள்ளி குறைந்திருந்தது. பெருக்கி 0.5 அளவினது என்ற எண்ணத்திற் கணிப்புகள் செய்யப்பட்டிருக்க, மெய்யளவோ 0.9 முதல் 1.7 வரை இருந்திருக்கலாம் என நிதியம் எழுதிற்று.

இது வெறும் எண் விளையாட்டன்று. கிரேக்கத்தின் உற்பத்தி 2009க்கும் 2012க்கும் இடையில் 5.5 சதவீதம் குறையும் என்று திட்டம் கணித்திருந்தது. மெய்யாக 17 சதவீதம் குறைந்தது. 2012இல் வேலையின்மை 15 சதவீதமாகும் என்றிருந்தது, 25 சதவீதமாயிற்று. இவற்றை நிதியமே 2013இல் வெளியிட்ட தன் மீளாய்வில் ஒப்புக்கொண்டது. ஏட்டில் இருந்த ஒரு தசமத்தின் பிழை, எத்தனையோ குடும்பங்களின் அடுப்பங்கரையில் வந்து நின்றது. எதிர்வுகூறல்கள் எழுத்தில் வெளியிடப்பட்டிராவிடின் அப்பிழை வெளிப்பட்டிராது என்பதும் எண்ணத்தக்கது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 51 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 34 இலட்சமாக வீழ்ந்தது. உரமின்றி விளைச்சல் குறையும் என்பதை அறிய உழவனுக்கு அட்டவணைகள் தேவைப்படவில்லை. நாடெங்கணும் உழவர் அதனை வாய்விட்டே கூறினர். ஆனால் அவர் கூற்றை எண்ணாக எழுதித் தொகுத்து வைத்தவர் இலர். தொழில்முறைக் கணிப்புகளோ ஏட்டில் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் வளர்ச்சி 2.4 சதவீதமாகும் என அவ்வாண்டு ஏப்பிரலில் உலக வங்கி எதிர்வுகூறிற்று. அதே மாதம் 12ஆம் நாள் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் தவணைகளைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. யூனில் அக்கணிப்பு 7.8 சதவீத வீழ்ச்சியாகவும், ஒக்டோபரில் 9.2 சதவீத வீழ்ச்சியாகவும் திருத்தப்பட்டது. முதலில் வெளியான உத்தியோகபூர்வ மதிப்பீட்டின்படி வீழ்ச்சி 7.8 சதவீதம்.

மீட்சிக் காலத்திலோ வழுவின் திசை மாறிற்று. 2023ஆம் ஆண்டில் 4.2 சதவீத வீழ்ச்சி நேரும் என 2022 ஒக்டோபரிற் கூறிய அவ்வங்கி, 2023 ஒக்டோபரில் அதனை 3.8 எனத் திருத்திற்று. மெய்யாக நேர்ந்த வீழ்ச்சி 2.3. 2024ஆம் ஆண்டின் வளர்ச்சிக்கான கணிப்பு 1.7 ஆக இருந்து, 2024 ஏப்பிரலில் 2.2 ஆகவும் ஒக்டோபரில் 4.4 ஆகவும் உயர்த்தப்பட்டது, மெய்யளவு 5.0 ஆயிற்று. பின்னைய ஈராண்டிலும் கணிப்பை உயர்த்திய பின்னரும் மெய்யளவு அதற்கு மேலேயே சென்றிருப்பதைக் காண்க. செய்தி மெல்ல மெல்லவே கணிப்பிற் சேர்ந்தது என்பதற்கு இஃது இசைவு. ஆனால் 2022 ஒக்டோபர்க் கணிப்போ வரம்பு மீறித் தாழ்ந்தது. ஒரே நிறுவனம் ஓராண்டிற் பதறியும் ஈராண்டில் தயங்கியும் இருக்கக் காண்கிறோம்.

இதிலிருந்து ஒரு கோட்பாடு வென்றது, ஒன்று தோற்றது எனத் தீர்ப்பளிக்கலாமா? ஆகாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, ஒரு நாட்டின் மூன்றாண்டுகள் சோதனைக்குப் போதா. 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாயிருந்த பணவீக்கம், 2023 யூலையிற் புதிய அடியாண்டுக் கணக்கின்படி 6.3 சதவீதமாகத் தணிந்தது. வட்டி உயர்வே இதனைச் செய்தது என்பார் உளர். ஆனால் அதே காலத்தில் உலகச் சந்தை விலைகள் இறங்கின, எரிபொருள் பங்கிடப்பட்டது, உரம் மீண்டது, உல்லாசப் பயணிகள் திரும்பினர், கடன் தவணைகள் நின்றிருந்தன. மேலும், ஓராண்டில் விலை பெரிதும் ஏறியபின் மறு ஆண்டில் அவ்வுயர்ந்த விலையோடு ஒப்பிடுவதாலேயே பணவீக்க எண் சுருங்கும்; விலை குறைந்தது என்பது அதன் பொருளன்று. இத்தனையும் ஒருங்கே நிகழும்போது ஒன்றைப் பிரித்தெடுக்க 26 நாடுகளை ஒப்பிடுவதுபோன்ற உபாயம் வேண்டும்.

இரண்டாவது, மெய்யளவு என நாம் கொள்வதே மாறக்கூடியது. 2022ஆம் ஆண்டின் வீழ்ச்சியை முதலில் 7.8 எனக் கூறிய தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பின்னர் அதனை 7.3 எனத் திருத்திற்று. எந்த அளவுகோல்கொண்டு வழுவை அளந்தோம் என்பதைக் கூறாத சோதனை நம்பத்தக்கதன்று.

மூன்றாவது, எதிர்வுகூறுவோரும் மனிதரே. பலரோடு சேர்ந்து தவறுவதிலும் தனித்து நின்று தவறுவது அவர் நற்பெயருக்கு இழுக்கு. ஆதலின் மந்தையோடு நிற்க விரும்புவர். கடன் கொடுக்கும் நிறுவனமே கணிப்பும் வெளியிடுமாயின், அக்கணிப்பு தன் திட்டம் வெல்லும் என்ற உறுதிமொழியாகவும் ஆகிவிடும். சொல்லிய எண் உள்ளத்தில் எண்ணிய எண்தானா என்ற ஐயத்தால், பொருளியலார் பலர் மாந்தர் சொல்லை விடுத்துச் செயலையே நோக்க வேண்டும் என்றனர். அவ்வையத்தில் உண்மை உண்டு. ஆயினும் செயலை மாத்திரம் நோக்குபவர், கடனால் நெல்லை விற்கும் உழவனை அறியாமையால் விற்பவன் எனத் தவறாகக் கொள்வர் என்பதை முன்னரே கண்டோம். ஆகவே சொல்லும் செயலும் ஒன்றையொன்று திருத்தும் இரு சாட்சிகளாகக் கொள்ளப்படல் வேண்டும்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் இவ்வாராய்ச்சி பிலடெல்பியாவிலும் வாசிங்டனிலும் நடைபெற வேண்டியது, நமக்கு எட்டாதது எனக் கருதலாகாது. ஒரு வகுப்பு மாணவர் வாவியின் இருகரைக் கிராமங்களிலும் முப்பது உழவரைக் கண்டு, விதைப்புக்கு முன் அறுவடைக்கால நெல் விலையை அவர் எவ்வளவாக எதிர்பார்க்கின்றனர் எனக் கேட்டு எழுதுக. அதனை முத்திரையிட்டு வைத்து, அறுவடையில் நிலவிய விலையையும், அவர் விற்ற நாளையும், விற்ற காரணத்தையும் குறித்து, இரண்டையும் ஒப்பிடுக. நடுவில் ஒருமுறை கேட்டுத் திருத்தத்தையும் பதிவு செய்தால் மேலே கூறிய சோதனையையும் செய்யலாம். சில ஆண்டுகள் இதனைத் தொடர்ந்து செய்யின், எம் உழவர் அறியாது இழக்கின்றனரா, அறிந்தும் இழக்கின்றனரா என்ற வினாவுக்குச் சான்றோடு கூடிய விடை கிடைக்கும். அவ்விடையைப் பொறுத்தே வேண்டுவது விலைச் செய்தியா, களஞ்சியமா என்பது அமையும்.

எதிர்வுகூறுவோரைப் பலித்தது கொண்டு புகழ்வதும், பலியாதது கொண்டு இகழ்வதும் உலக வழக்கு. அறிவுலகின் வழக்கு அதுவன்று. முன்கூட்டிச் சொன்னதை மறைக்காது ஏட்டில் வைப்பதும், வழுவை எடுத்து ஆராய்வதும், வழுவில் ஒழுங்கு கண்டவிடத்துத் தன் கோட்பாட்டைத் திருத்திக்கொள்வதுமே அதன் வழக்காகும். பொன்னின் மாற்றை உரைகல் காட்டுதல்போல, கோட்பாட்டின் மாற்றைக் காட்டுவது எழுதி வைக்கப்பட்ட எதிர்வுகூறல். உரைத்துப் பாராத பொன்னைக் கொள்வார் இலர். உரைத்துப் பாராத கோட்பாட்டின் விலையையோ அதனை ஒருபோதும் படித்திராத எளிய மக்களே கொடுக்கின்றனர்.